நூலிழையில் தவறிய நெட்வொர்க்கிங் தேர்வு: அடுத்த வாரமே எழுதுவதா, ஒரு மாதம் பொறுப்பதா?

படுதோல்வி அடைந்தவருக்கு முடிவெடுப்பதில் சிரமமே இல்லை. பாதி சிலபஸ் தெரியாது என்று மதிப்பெண் தாளே சொல்லிவிடும். முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். தேர்ச்சிக் கோட்டை ஒட்டி வந்து விழுந்தவர் பாடுதான் திண்டாட்டம். இன்னும் மூன்று நான்கு கேள்வி சரியாகப் போட்டிருந்தால் முடிந்திருக்குமே என்ற எண்ணம் தேர்வு அறையிலிருந்து அவருடனேயே கிளம்பி வந்துவிடும். அன்று ராத்திரியே அடுத்த தேதிக்குப் பதிவு செய்யக் கை பரபரக்கும். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும் தோன்றும். இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே மணி நேரத்துக்குள்.

நான் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க்கிங் சான்றிதழ்) தேர்வை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை தேறியவன். முதல் தோல்வி நூலிழை. இரண்டாவதும் நூலிழைதான், ஆனால் அது அவசரப்பட்டு நானாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் முழுக்க நடுநிலையாக இருப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். விதி அனுமதிக்கும் முதல் நாளிலேயே திரும்ப எழுதுவது. மூன்று முதல் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டு எழுதுவது. எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பது. இந்தத் தேர்வை விட்டுவிட்டு வேறு தேர்வுக்கு மாறுவது. ஐந்தாவதாக ஒன்றையும் சிலர் காதில் ஓதுவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விதிகள். சிஸ்கோவின் எழுத்துத் தேர்வில் தோற்றால், தோற்ற மறுநாளிலிருந்து ஐந்து நாட்கள் காத்திருக்க வேண்டும். இன்னொரு சான்றிதழ் அமைப்பான காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் தேர்வில் முதல் தோல்விக்கும் இரண்டாவது முயற்சிக்கும் இடையே காத்திருப்பே கிடையாது. மூன்றாவது முயற்சி முதல்தான் 14 நாள் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டணம், வவுச்சர் வாங்கும்போதே மறுதேர்வையும் சேர்த்து வாங்கியிருந்தால் தவிர. இந்த ஐந்து நாள் கணக்கை ஒரு பரிந்துரையாகவே நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நாளுக்குள் உங்களை உள்ளே விட மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். ஆறாவது நாள் நீங்கள் தயாராகிவிடுவீர்கள் என்று சிஸ்கோ எங்கும் சொல்லவில்லை.

அப்புறம், ‘நூலிழை’ என்பதற்கே என்ன பொருள்? நெட்வொர்க் பிளஸ் தேர்வுக்கு 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 720 எடுத்தால் தேர்ச்சி. 708 எடுத்தவர் ‘பன்னிரண்டு மதிப்பெண்தானே’ என்று நினைப்பார். ஆனால் அது அளவுகோலுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கப்படும் எண். எத்தனை கேள்வி தவறிப்போனது என்று அதிலிருந்து திருப்பிக் கணக்குப் போட முடியாது. சிஸ்கோ தேர்ச்சி மதிப்பெண்ணை முன்கூட்டி வெளியிடுவதே இல்லை. ஆகவே நூலிழைத் தோல்வி உங்களுக்குச் சொல்லும் நிச்சயமான சேதி ஒன்றுதான்: உங்கள் இப்போதைய தரம் ஏறக்குறைய கோட்டின் மேலேயே நிற்கிறது. கேள்விகள் உங்களுக்குத் தோதாக விழுந்தால் தேறுவீர்கள், விழாவிட்டால் தோற்பீர்கள். எதையும் மாற்றாமல் திரும்பப் போய் உட்கார்ந்தால் அது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். ஒவ்வொரு முறை காசைச் சுண்டுவதற்கும் முழுக் கட்டணம்.

சரி, எதை மாற்றுவது? அதைத் தெரிந்துகொள்ளாமல் நாலு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண். இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

மதிப்பெண் தாளைப் படிப்பது

சிசிஎன்ஏ 200-301 தேர்வில் ஆறு பகுதிகள். நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், நெட்வொர்க் ஆக்சஸ் 20, ஐபி கனெக்டிவிட்டி 25, ஐபி சர்வீசஸ் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, ஆட்டோமேஷன் 10. தோற்றவர் கைக்கு ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சதவீதம் என்ற பட்டியல் வருகிறது. கண் நேராக எங்கே போகும்? மிகக் குறைந்த எண்ணுக்கு. எனக்கு அது ஆட்டோமேஷன். 40 சதவீதம். ‘இதுதான் கழுத்தறுத்தது’ என்று முடிவுகட்டி, ஜேசன் கோப்பு, ரெஸ்ட் ஏபிஐ, அன்சிபிள், டெர்ராஃபார்ம் என்று ஒரு வாரம் முழுக்க அதிலேயே கிடந்தேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகுதிகளின் எடை வெளிப்படையானது. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மதிப்பெண் என்பது வெளியே தெரியாது. அதனால் இது தோராயக் கணக்குதான். ஆட்டோமேஷனை 40-லிருந்து 70-க்கு உயர்த்தினால் மொத்தத்தில் கிடைப்பது 3 சதவீதம். ஐபி கனெக்டிவிட்டியில் 56 எடுத்திருந்து, அதை 76 ஆக்கினால் கிடைப்பது 5 சதவீதம். முப்பது புள்ளி உயர்வைவிட இருபது புள்ளி உயர்வு அதிகம் தருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. மொத்தம் நூறு கேள்வி என்று வைத்துக்கொண்டால், பத்து சதவீதப் பகுதியில் பத்துக் கேள்விதான். அதில் 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டே கேள்வி. ஒரு நாள் தூக்கம் சரியில்லை என்றால் போகக்கூடிய எண்ணிக்கை அது. எடை குறைந்த பகுதியின் சதவீதத்தை அவ்வளவு நம்பிப் படிக்கக் கூடாது.

ஆனால் இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஆட்டோமேஷனை மூன்று நான்கு மாலைகளில் சரிசெய்துவிடலாம். அந்தத் தேர்வு கேட்கும் ஆழம் அவ்வளவுதான். ஐபி கனெக்டிவிட்டி அப்படிப் படியாது. ரவுட்டிங் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல்) பார்த்த மாத்திரத்தில் விடை தோன்ற வேண்டும். அதற்கு வாரங்கள் பிடிக்கும். ஆக, எந்தப் பகுதியில் இழந்தீர்கள் என்பதே எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. ஒரு வாரத்தில் திருத்தக்கூடியது எது, ஒரு வாரத்தில் திருந்தாதது எது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

தாள் சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு: ஏன் தவறியது. விஷயமே தெரியாமல் விட்டது ஒரு வகை. தெரியும், ஆனால் நேரம் போதவில்லை என்பது இரண்டாவது. தெரியும், நேரமும் இருந்தது, கேள்வியைத் தப்பாகப் படித்துத் தொலைத்தேன் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் தாளில் ஒரே சதவீதமாகத்தான் வந்து நிற்கும். பிரித்துப் பார்க்க உங்கள் நினைவு ஒன்றுதான் துணை. அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மங்க ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் எந்தெந்தத் தலைப்பில் திணறினீர்கள், எங்கே வேகமாகத் தள்ளினீர்கள், எங்கே ஊகித்தீர்கள் என்று எழுதிவையுங்கள். தலைப்புகளை மட்டும். கேள்விகளை அப்படியே எழுதி யாருக்காவது கொடுப்பது நீங்கள் ஒப்புக்கொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவது. மேலும் அடுத்த தேர்வில் அது உங்களுக்குப் பெரிதாக உதவவும் போவதில்லை.

உடனே எழுதுவது

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது உண்மையிலேயே வலுவானது: படித்தது சூடாக இருக்கிறது. உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்து வெளியிட்ட மறதிக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே கரைந்துவிடுகிறது. மீதி மெதுவாகக் கரைகிறது. போர்ட் எண்கள், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (ஒரு வழியை ரவுட்டர் எவ்வளவு நம்பும் என்பதற்கான எண், குறைந்தால் நம்பிக்கை அதிகம்), டைமர் மதிப்புகள் எல்லாம் இந்த ரகம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் இவற்றை மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும்.

யாருக்கு இது சரிப்படும்? இரண்டாவது, மூன்றாவது வகையில் தோற்றவருக்கு. சிசிஎன்ஏ 120 நிமிடத் தேர்வு. விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக வழியில்லை. அது தெரியாமலோ, தெரிந்தும் மறந்தோ, ஒரு லேப் (செய்முறை) கேள்வியில் இருபது நிமிடம் தொலைத்துவிட்டு, கடைசிப் பதினைந்து கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டியவர் இருப்பார். அவருக்கு அறிவுக் குறை இல்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதிரித் தேர்வு எழுதிப் பழகினால் ஒரு வாரத்தில் போய் உட்காரலாம். நெட்வொர்க் பிளஸ் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். அங்கே கேள்வியைக் குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். நேரம் பிடிக்கும் செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் முதலிலேயே வந்து நிற்கும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளினாலே சிலருக்கு ஏழெட்டுக் கேள்விக்கு நேரம் கிடைத்துவிடும். இப்படிப்பட்டவர் ஒரு மாதம் காத்திருந்து எதைச் சாதிக்கப் போகிறார்? சூடு ஆறிப்போவதுதான் மிச்சம்.

பதற்றத்தால் சொதப்பியவரும் இந்தப் பட்டியலில் வருவார். முதல் முறை அந்த அறை, அடையாளச் சோதனை, திரையின் அமைப்பு எல்லாமே புதிது. இரண்டாவது முறை பழகிய இடம். அந்த ஒரு வித்தியாசமே சிலரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

நான் இந்த வகை ஆள் இல்லை. என்றாலும் ஏழாவது நாள் போய் உட்கார்ந்தேன். ஆட்டோமேஷன் எண் நன்றாக உயர்ந்திருந்தது. ஐபி கனெக்டிவிட்டி அப்படியே கிடந்தது. முதல் முறை சுமாராக நன்றாகவே வந்திருந்த நெட்வொர்க் ஆக்சஸ் இந்த முறை சரிந்திருந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உலுக்கியது. அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை, ‘அது வரும்’ என்று விட்டுவிட்டேன். உண்மையில் முதல் முறை எனக்கு வாய்த்த கேள்விகள் எளிதானவை. இரண்டாவது முறை ஸ்பானிங் ட்ரீயும் (சுவிட்சுகளுக்கிடையே சுற்றுப்பாதை வராமல் தடுப்பது) ஈதர்சேனலும் (பல இணைப்புகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது) கொஞ்சம் ஆழமாக வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. நல்ல எண்ணுக்குள்ளும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கும் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டவர்களிடம் ‘இந்தத் தடவையும் கொஞ்சத்தில்தான்’ என்று சொன்னபோது அது எனக்கே சப்பைக்கட்டாகக் கேட்டது.

மூன்று முதல் ஐந்து வாரம்

நூலிழையில் தோற்றவர்களில் பெரும்பாலானவருக்கு நான் சொல்வது இதைத்தான். நிபந்தனை ஒன்று உண்டு. தேதியை இன்றைக்கே பதிவு செய்துவிட வேண்டும். ‘தயாரானதும் பதிவு செய்கிறேன்’ என்று சொல்பவரின் நான்கு வாரம் நான்கு மாதமாகும். அப்புறம் அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி இல்லை, மூன்றாவது வழி. அதுவும் தெரியாமலே.

இந்தக் காலத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் இந்த வழியின் வெற்றி இருக்கிறது. பழைய குறிப்பை எடுத்து மறுபடி வாசிப்பதில் செலவழித்தால் நான்கு வாரமும் தண்டம். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தோற்றவருக்கு அது நல்ல ஆறுதலும்கூட. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின நாள் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததே என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் முதல் பிரிவினர்தான். நானும்தான்.

நெட்வொர்க்கிங்கில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரவுட்டரில் மூன்று வழிகள் இருக்கின்றன, ஒன்று கையால் எழுதியது (ஸ்டேடிக்), மற்ற இரண்டும் ரவுட்டர்கள் தமக்குள் பேசிக் கற்றவை (ஓஎஸ்பிஎஃப், ரிப்): 10.0.0.0/8 ஸ்டேடிக், 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப், 10.1.4.0/22 ரிப். 10.1.6.9-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. எந்த வழியில் போகும்? அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸை மனப்பாடம் செய்தவர், ஸ்டேடிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120 என்று உடனே சொல்லி, ஸ்டேடிக் வழியைக் காட்டுவார். விடை ரிப். மிக நீளமான பிரிஃபிக்ஸ் (சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் காட்டும் நீளம்) எதுவோ அதற்கே முதலிடம்; /22 என்பது 10.1.4.0 முதல் 10.1.7.255 வரை பிடிக்கிறது, 6.9 அதற்குள் அடங்குகிறது. டிஸ்டன்ஸ் எல்லாம் ஒரே பிரிஃபிக்ஸுக்கு இரண்டு வழி போட்டியிடும்போதுதான் பேசும். இதை வாசித்தால் ஒரு நிமிடத்தில் புரியும். ஆனால் பத்து வெவ்வேறு டேபிள்களை வைத்துக்கொண்டு தானே விடை சொல்லிப் பார்க்காதவர் தேர்வறையில் பழைய பழக்கத்துக்கே போய்விடுவார். இந்த மாதிரிப் பத்துப் பதினைந்து முடிச்சுகள்தான் ஐபி கனெக்டிவிட்டியில் இருபது புள்ளியைத் தின்பவை.

லேப் விஷயத்தில் என் பழைய தப்பு, காணொளியைப் பார்த்துக்கொண்டே அவர்கள் தட்டுவதை நானும் தட்டியது. கை பழகும், மூளை பழகாது. மூன்றாவது முயற்சிக்கு வேறு மாதிரி செய்தேன். சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டரான பாக்கெட் ட்ரேசரில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிற ஒரு சின்ன நெட்வொர்க்கை வைத்துக்கொண்டு, அதை நானே கெடுத்தேன். ஒரு பக்கம் ஏரியா எண்ணை மாற்றுவது, ஹெலோ டைமரை 10-லிருந்து 15 ஆக்குவது, ஓர் இன்டர்ஃபேஸைப் பாசிவ் ஆக்குவது, சப்நெட் மாஸ்க்கை ஒரு பக்கம் மட்டும் திருத்துவது. அப்படி நான்கைந்து கோப்புகளாகச் சேமித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எதில் எது கெட்டது என்று மறந்த பிறகு திறந்து, அண்டை ரவுட்டர் ஏன் சேரவில்லை என்று ஷோ கட்டளைகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது. ஈதர்சேனலில் இரண்டு பக்கமும் பாசிவ் என்று வைத்துவிட்டு, ஏன் கட்டு சேரவில்லை என்று முழிப்பது. இந்த விளையாட்டில் மூன்று வாரம் போனதே தெரியவில்லை. பாக்கெட் ட்ரேசர் இலவசம்தான். உண்மையான ஐஓஎஸ்ஸுக்கு (சிஸ்கோ சாதனங்களின் இயங்குதளம்) நெருக்கமாக வேண்டுமென்றால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பில் ஐந்து சாதனங்கள் வரை ஓட்டலாம்.

சப்நெட்டிங் (ஒரு முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று பிரிக்கும் கணக்கு) தினமும் இருபது நிமிடம், கடிகாரத்துடன். 172.16.45.14/20 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்றால், 172.16.32.0 என்றும் பிராட்காஸ்ட் 172.16.47.255 என்றும் பதினைந்து நொடிக்குள் வர வேண்டும். ஒரு நிமிடம் எடுத்துச் சரியாகச் சொல்வது தேர்வில் பாதிச் சரிதான். ரவுட்டிங், ஏசிஎல் (எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்), ஓஎஸ்பிஎஃப் கேள்விகளுக்குள்ளும் இதே கணக்குத்தான் ஒளிந்திருக்கும், அங்கே இழக்கிற நேரம் கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

கடைசி வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வுகளைத் தொடாமல் எடுத்துவையுங்கள். ஏற்கெனவே எழுதிய மாதிரித் தேர்வில் 90 சதவீதம் வருவதற்கு அர்த்தமே கிடையாது. அது உங்கள் ஞாபக சக்தியின் மதிப்பெண். பார்க்காத தேர்வில், நேரக் கட்டுப்பாட்டுடன், இரண்டு முறையும் 85-ஐத் தொட்டால் போய் எழுதலாம் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு. யாரும் அங்கீகரித்த அளவு இல்லை.

முதலிலிருந்து படிப்பது

தோல்விக்குப் பிறகு மிகவும் பொறுப்பான முடிவு போலத் தெரிவது இதுதான். நூலிழையில் தோற்றவருக்கு மிகவும் வீணானதும் பெரும்பாலும் இதுதான். எழுபது சதவீதம் தெரிந்த ஒருவர் நெட்வொர்க்கிங்கின் முதல் பாடமான ஓஎஸ்ஐ அடுக்குகளிலிருந்து மறுபடி தொடங்கினால், முதல் மூன்று வாரம் தெரிந்ததையே படித்துக்கொண்டிருப்பார். ஓஎஸ்பிஎஃப்புக்கு வரும்போது உற்சாகம் வற்றியிருக்கும். போன முறை எந்த இடத்தில் களைத்துப்போய் மேலோட்டமாகத் தள்ளினாரோ, அதே இடத்தில் இந்த முறையும் தள்ளுவார்.

யாருக்கு இது வேண்டும் என்று சோதிக்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். ஒரு கணினியிலிருந்து, ரவுட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு கணினிக்கு ஒரு பாக்கெட் போவதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலக்கு வேறு நெட்வொர்க் என்று எப்படித் தெரிகிறது, யாருடைய மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் முகவரி) ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை) கேட்கிறது, ரவுட்டர் அந்த ஃபிரேமை என்ன செய்கிறது, அந்தப் பக்கம் எந்த முகவரி மாறுகிறது, எது மாறுவதில்லை. தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அடித்தளம் இருக்கிறது. முதலிலிருந்து படிக்க வேண்டாம். ‘இலக்குக் கணினியின் மேக் முகவரிக்கு ஏஆர்பி கேட்கும்’ என்று ஆரம்பித்தால், மன்னிக்கவும், உங்கள் நூலிழை கேள்வி வங்கிகளை மனப்பாடம் செய்து வந்தது. அப்படியானால் மூன்று மாதம் எடுத்துக்கொள்வது நேர்மையான முடிவு.

நீண்ட காலம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், தேர்வே கையை விட்டு நழுவலாம். நெட்வொர்க் பிளஸ்ஸின் என்10-009 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. பழைய என்10-008 அந்த ஆண்டு டிசம்பரோடு மூடப்பட்டது. சிசிஎன்ஏவும் 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 பதிப்புக்கு மாறியது. அந்த மாற்றம் பெரிதில்லை. ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட், செஃப் போய் டெர்ராஃபார்ம் வந்தது, செயற்கை நுண்ணறிவும் மெஷின் லேர்னிங்கும் எட்டிப் பார்த்தன. ஆனாலும் பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவருக்கு நாலைந்து கேள்வி போகும். நூலிழைக்காரருக்கு நாலைந்து கேள்வி என்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வேறு தேர்வுக்கு மாறுவது

சிசிஎன்ஏவில் தோற்றவர் நெட்வொர்க் பிளஸ்ஸுக்கு மாறினால் தேறும் வாய்ப்பு நல்லதுதான். ஐஓஎஸ் கட்டளைகளைத் தட்டி ரவுட்டரைக் கட்டமைக்கச் சொல்லும் அளவுக்கு அங்கே போக மாட்டார்கள். ஆனால் சும்மா போய் எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே பழுது கண்டறிதல் மட்டுமே 24 சதவீதம். எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்ற வரிசையைக் கேட்பார்கள். கேபிள் வகைகள், கனெக்டர்கள், ஆவணப்படுத்தல் என்று சிசிஎன்ஏக்காரர் அலட்சியமாகத் தாண்டி வந்த விஷயங்கள் நிறைய.

நீங்கள் தேடும் வேலை எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்பதுதான் இதில் கேள்வி. நெட்வொர்க் பிளஸ் போதும் என்றால் மாறுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிசிஎன்ஏ என்று எழுதியிருந்தால், மனக்காயத்துக்கு மருந்தாக இன்னொரு சான்றிதழ் வாங்குவது காலத்தையும் காசையும் கரைக்கும். இன்னொரு நெட்வொர்க் நிறுவனமான ஜூனிபரின் ஜேஎன்சிஐஏ சான்றிதழுக்குத் தாவுவதும் அப்படித்தான்; அங்கே கட்டளை மொழியே வேறு, கமிட் செய்தால்தான் மாற்றம் அமலாகும். புதிதாகக் கற்க ஆசை என்றால் சரி. தோல்வியிலிருந்து தப்பிக்க என்றால், நூலிழைத் தூரத்தை விட்டுவிட்டுப் புது வழியில் முழுத் தூரம் நடப்பது.

அந்த ஐந்தாவது வழி டம்ப்ஸ். திருடிய கேள்விகளை விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்வது. பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யவும், மேற்கொண்டு தேர்வு எழுதத் தடை போடவும் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. பிடிபடாவிட்டாலும், நேர்முகத் தேர்வில் மேலே சொன்ன ஏஆர்பி கேள்வியை ஒருவர் கேட்டால் முடிந்தது கதை. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு இது தேவையே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கே எழுதுவது

இதையும் ஒரு முடிவாக எண்ணிப் பாருங்கள். முதல் முறை வீட்டிலிருந்து எழுதியவராக இருந்தால், மறுதேர்வைத் தேர்வு மையத்தில் எழுதலாமா என்று யோசிக்கலாம். வீட்டில் காகிதமும் பேனாவும் அனுமதி இல்லை. திரையில் உள்ள பலகையில்தான் எழுத வேண்டும். சப்நெட் கணக்கை மவுஸ் பிடித்து எழுதிப் பார்த்தவருக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. மையத்தில் அழித்து எழுதும் பலகையும் மார்க்கரும் தருவார்கள். நேரக் குறைவால் தோற்றவருக்கு இந்த ஒரு மாற்றமே சில நிமிடங்களை மீட்டுக்கொடுக்கும். வீட்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எதையும் எழுதாமல் மனக்கணக்காகவே சப்நெட் போட இந்த நான்கு வாரத்தில் பழகிவிடுங்கள்.

மறுதேர்வு நாளன்று ஒரு தனி ஆபத்து உண்டு. சில கேள்விகள் பார்த்த மாதிரியே இருக்கும். ‘ஆ, இதுதான் போன தடவை நான் தப்பாகப் போட்டது, விடையை அப்புறம் தேடிப் பார்த்தேனே’ என்று கை தானாக அந்த விடைக்குப் போகும். ஆனால் போன தடவை /26 இருந்த இடத்தில் இந்தத் தடவை /27 இருக்கலாம். ‘இரண்டைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு சொல் கூடியிருக்கலாம். பழகிய முகமாகத் தெரிகிற கேள்வியைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். மூன்றாவது முறை எழுதும்போது நான் அப்படி ஒன்றில் ‘அடுத்தது’ பொத்தானை அழுத்தப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன், மாஸ்க் மாறியிருந்தது.